வேகம் வேண்டுமென்றால் பிடியைத் தளர்த்துங்கள்

கேள்வி: எனக்கு வயது 29. ஒன்றரை வருடமாக அக்கூஸ்டிக் கிடார் பழகுகிறேன். வேலை முடிந்து வந்து, இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) வைத்து ஸ்கேல் (ஏறி இறங்கும் ஸ்வர வரிசை) மட்டும் வாசிக்கிறேன். அடிக்கு நாலு ஸ்வரம் என்ற கணக்கில் 100 பிபிஎம்மை (நிமிடத்துக்கு 100 அடி) தாண்டவே முடியவில்லை. கொஞ்ச நாளாக இடது முன்கை இறுகி வலிக்கிறது. கிடாரை எடுக்கவே சலிப்பாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வலியைப் பற்றிப் பேசிவிடுவோம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு விரல் நுனி எரிவது சகஜம். சில வாரங்களில் தோல் தடித்துச் சரியாகிவிடும். முன்கை, மணிக்கட்டு, கட்டை விரல் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வலித்தால் அது வேறு சங்கதி. அப்போது வாசிப்பை அங்கேயே நிறுத்துங்கள். வலி முழுக்கப் போகும்வரை ஸ்கேல் பயிற்சி வேண்டாம். சில நாள் ஓய்விலும் குறையவில்லை என்றாலோ, விரல் மரத்துப்போனாலோ, எறும்பு ஊர்வதுபோல் இருந்தாலோ எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். வலித்தால்தான் கை பழகும் என்று நானும் நம்பி வாசித்தேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் கிடாரைத் தொட முடியவில்லை.

விரலுக்கு வலு ஏற்றும் ஸ்பிரிங் கருவி எதையும் வாங்கிவிடாதீர்கள். ராபர்ட் ஷூமன் 1830களின் தொடக்கத்தில் வலது கை விரல் கெட்டு, பியானோ கலைஞராகும் கனவையே கைவிட வேண்டியதாயிற்று. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் விரல் பயிற்சிக் கருவியும் ஒன்று. உங்களுக்கு வலு போதாமல் இல்லை. தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வலி போன பிறகு இதைச் செய்து பாருங்கள். மூன்றாம் தந்தியில் 5-ஆம் ஃப்ரெட் கம்பியை (கிடார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கம்பி) ஒட்டி விரலைச் சும்மா வையுங்கள், அழுத்த வேண்டாம். பிக்கால் (தந்தி மீட்டும் சிறு தகடு) மீட்டினால் ‘டக்’கென்று மொட்டையாகக் கேட்கும். மீட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்துங்கள். முதலில் கரகரக்கும், அப்புறம் ஒரு கட்டத்தில் ஸ்வரம் தெளியும். அங்கே நிறுத்திவிடுங்கள். ‘இவ்வளவுதானா!’ என்று இருக்கும். அடுத்து, கட்டை விரலைக் கிடாரின் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு நாலு ஸ்வரம் வாசியுங்கள். அப்படி வாசிக்க முடிந்தால், இத்தனை நாளும் கட்டை விரல் வீணாகத்தான் நசுக்கிக்கொண்டிருந்தது. தினமும் முதல் ஐந்து நிமிடம் இதற்கு.

கிடாரையும் ஒரு பார்வை பாருங்கள். 12-ஆம் ஃப்ரெட்டுக்கும் ஆறாம் தந்திக்கும் நடுவே இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், கை எளிதில் இறுகும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் 2.5 அளவுக்கு இறக்கித் தருவார். தடித்த 12 அளவுத் தந்தி போட்டிருந்தால் அதைவிட மெல்லிய 11-க்கோ 10-க்கோ மாறுங்கள்.

இப்போது வேகம். தினமும் ஐந்து பிபிஎம் ஏற்றிக்கொண்டே போகும் வழியில்தான் 100-ல் முட்டி நிற்கிறீர்கள் போலிருக்கிறது. நம் கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசையை (ஆரம்ப ஸ்வரப் பயிற்சி) மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும் பாடவைப்பார்கள், தாளம் மாறாது. எனக்கு அந்த முறைதான் பிடிக்கும். மாயாமாளவகௌளை ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண் எல்லாம் ஃப்ரெட் எண். ஐந்தாம் தந்தியில் 3 ச, 4 ரி. நான்காம் தந்தியில் 2 க, 3 ம, 5 ப, 6 த. மூன்றாம் தந்தியில் 4 நி, 5 மேல் ச. மெட்ரோனோமை 60-ல் வைத்து அடிக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நாலு. நாலில் தோள் தூக்கினால் உடனே இரண்டுக்கு இறங்கிவிடுங்கள். பிக்கை மேலும் கீழுமாக மாற்றி மாற்றியே அடியுங்கள். தந்தியைத் தாண்டி அது வெகு தூரம் போகக் கூடாது. இது பத்து நிமிடம்.

100-ஐத் தாண்டுவதற்கு இன்னொரு உபாயம் உண்டு. மெட்ரோனோமை 120-ல் வைத்து ஐந்தே ஸ்வரம் வாசியுங்கள்: நாலு ஓடி, ஐந்தாவது அடுத்த அடியில் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் இரண்டு அடி சும்மா இருந்து கையைத் தொங்கவிடுங்கள். மறுபடி ஐந்து. அந்த நேரத்துக்குள் கை இறுக நேரமே இருக்காது. இரண்டு கையும் சேர்ந்து விழுந்தால் ஒன்பது ஸ்வரமாக நீட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் இதைச் செய்யாதீர்கள்.

ஆகமொத்தம் 20 நிமிடம். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அடுத்த 20 நிமிடமும் பாட்டுக்குத்தான், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்களைக் கிடார் வாங்கவைத்த பாட்டு எதுவோ, அதில் கஷ்டமான இரண்டு வரியை எடுத்துப் பாதி வேகத்தில் வாசித்து, மறுநாளுக்காகப் போனில் பதிவு செய்துவையுங்கள். சலிப்பு தட்டியதற்குக் காரணம் உங்கள் சோம்பல் இல்லை. ஒரு மணி நேரத்தில் உங்களுக்குப் பிடித்தது ஒரு நிமிடம்கூட இல்லையே!

முடிந்தால் இரவு பத்து மணியை விட்டுவிட்டுக் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் வாசியுங்கள். அது முடியாத நாளில் ஸ்கேலை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் பதினைந்து நிமிடம் வாசியுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்கு 100 என்ற எண் பக்கமே போக வேண்டாம்.