மன்னித்த பிறகும் மனம் ஒட்டவில்லை

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 38. சிங்கப்பூரின் செங்காங்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நான்கறை வீட்டில் கணவர், மாமியார், தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகள் ஆகியோருடன் வசிக்கிறேன். நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கணவர் துவாசில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறார்.

கடந்த ஆண்டு, வருடக் கணக்கு முடிக்கும் நாள்களில் வேலை இரவு வரை நீண்டதால், பொங்கோலில் வசிக்கும் சக ஊழியர் ஒருவருடன் ஒரே கிராப் வண்டியில் சில இரவுகள் வீடு திரும்பினேன். கணவர் அதைத் தவறாக எடுத்துக்கொண்டார். பேச்சு நின்றது. என் கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் வசதியை இயக்கி வைக்கச் சொன்னார். ஒருநாள் எனக்குத் தெரியாமல் என் வாட்ஸ்அப் முழுவதையும் படித்தவர், அதில் கணக்கு விவரங்களும் மதிய உணவு ஆர்டர்களும் தவிர வேறெதுவும் இல்லை என்று கண்ட பிறகுதான் மாறினார். தம் தாயார், தங்கை முன்னிலையில் என்னிடம் மன்னிப்புக் கேட்டு, தேக்காவில் வாங்கிய சங்கிலி ஒன்றையும் என் கழுத்தில் போட்டார். நானும் சரி என்றேன்.

அண்மையில் மாமியாரும் நானும் இரவில் சேர்ந்து பார்க்கும் சென்னைத் தொடர் ஒன்றில், மனைவியைச் சந்தேகப்பட்ட கணவன் மருத்துவமனைக் கட்டிலருகே அழ, அவளும் அழுது அவனை ஏற்றுக்கொள்ளும் காட்சி வந்தது. "பாரும்மா, அவளுக்கு எவ்வளவு பெரிய மனசு! நீ இன்னும் முகத்தைத் தூக்கி வச்சிருக்க. பாசம் இருக்கப்போய்த்தானே அவனுக்குச் சந்தேகமே வந்துச்சு" என்றார் மாமியார். கணவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் வேண்டுமென்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கவில்லை. அலுவலகத்தில் நடப்பதை முன்போல் அவரிடம் சொல்ல வாய் வருவதில்லை, அவ்வளவுதான். வெளியே கிளம்பும்போது, பிறகு கேள்வி வருமே என்று, இருப்பிட வசதி வேலை செய்கிறதா என ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். எனக்குத்தான் கல்மனமா?

செங்காங் வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் முடிவில் இருப்பிட வசதி பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியிலிருந்தே தொடங்குகிறேன். மன்னிப்புக் கேட்டாயிற்று, சங்கிலியும் வந்தாயிற்று. ஆனால் சந்தேகத்தின் பேரில் உங்கள்மீது வைத்த காவல் இன்றுவரை எடுக்கப்படவில்லை. அதை எடுக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கே அது ஒரு முறையீடாகத் தோன்றாமல் அன்றாடப் பழக்கமாகிவிட்டது. இந்த நிலையில் மனம் பழையபடி திறக்கவில்லை என்றால் அதற்குக் கல்மனம் என்று பெயரில்லை.

உங்கள் கணவர் எப்படி மனம் மாறினார் என்பதையும் பாருங்கள். பல வாரங்கள் நீங்கள் சொன்னதை நம்பாதவர், கைப்பேசி சொன்னதை ஒரே நாளில் நம்பினார். அவருக்குக் கிடைத்தது ஆதாரம். உங்கள்மீது நம்பிக்கை திரும்பியதா என்பது இன்னும் தெரியாத சங்கதி, அதனால்தான் நீங்கள் "சரி" என்று உண்மையாகவே சொல்லியும் உள்ளே ஏதோ ஒன்று ஒட்டாமல் நிற்கிறது.

தொலைக்காட்சித் தொடர்களில் இந்த வேறுபாடு தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. நாயகி குற்றமற்றவள் என்பதைப் பார்வையாளர்கள் முதலிலிருந்தே கண்ணால் பார்த்திருக்கிறார்கள். கணவனுக்கு மட்டும்தான் தெரியாது. ஒளித்துவைத்த கடிதமோ ஒட்டுக்கேட்ட பேச்சோ அவனுக்கு உண்மையைக் காட்டியதும், நமக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்துவிட்ட நிம்மதியில் நாமும் அழுதுவிடுகிறோம். வாரத்தில் ஐந்தாறு நாள் ஒளிபரப்பாகும் கதைக்குப் பொறாமையை மாதக்கணக்கில் இழுக்கத் தெரியும், சமாதானத்தை இழுக்கத் தெரியாது. அடுத்த சூழ்ச்சி காத்திருப்பதால் அது ஒரே காட்சியில் முடிந்தாக வேண்டும். மறுநாள் காலையில் அந்தக் கணவன் மனைவியின் கைப்பேசியை எடுத்துப் பார்த்தானா என்று எந்த இயக்குநரும் நமக்குக் காட்டுவதில்லை. (தொடர் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன். மாமியாரும் மருமகளும் தினமும் சேர்ந்து உட்காரும் நேரம் பல வீடுகளில் அது ஒன்றுதான்.)

திரையில் அன்றாடம் பார்ப்பவர்களோடு நமக்கு ஏற்படும் ஒருதலையான நெருக்கத்தைப் பற்றி டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1956இலேயே எழுதியிருக்கிறார்கள். உங்கள் மாமியாருக்கு அந்த நாயகி பழகிய பெண் போலவே ஆகியிருக்கக்கூடும். அவர் உங்களை ஒப்பிட்டது வன்மத்தால் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பாசத்தால்தான் சந்தேகம் வந்தது என்ற அவருடைய வாதத்தை ஏற்க முடியாது. பொறாமை, இழந்துவிடுவோமோ என்ற அச்சத்திலிருந்து வருகிறது. இரவு வேலையில் தனியாக இருக்கும் மனிதருக்கு அந்த அச்சம் வருவது இயல்பு, அதற்காக அவரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அச்சம் வந்ததும் மனைவியிடம் அதைச் சொல்வதா, அவளைக் கண்காணிப்பதா என்பது அவர் தேர்ந்தெடுத்தது. "பயமாக இருக்கிறது" என்று அவர் ஒருமுறையாவது சொல்லியிருக்கிறாரா? கடிதத்தில் அது இல்லை.

அவருக்கு ஓய்வு நாளாகப் பார்த்து, வீட்டுக் கூடத்தில் அல்லாமல், பொங்கோல் நீர்வழிப் பூங்கா போன்ற இடத்தில் இருவர் மட்டும் நடந்துகொண்டே பேசுங்கள். பழைய குற்றச்சாட்டுகளுக்குள் போக வேண்டாம். "நீங்கள் மன்னிப்புக் கேட்டதை ஏற்றுக்கொண்டேன். ஆனால் இருப்பிட வசதி ஓடிக்கொண்டிருக்கும்வரை உங்களோடு இயல்பாகப் பேச எனக்கு வரவில்லை. அதை நீங்களே அணைத்துத் தர வேண்டும்" என்று சொன்னால் போதும். நீங்களாக அணைத்தால் அது இன்னொரு சண்டைக்குத்தான் வழிவிடும். அவர் அணைத்த பிறகு சில நாள் தவிப்பார். அப்போது "எங்கே இருக்கிறாய்" என்று கேட்பதற்குப் பதிலாகத் தம் தவிப்பை வாய்விட்டுச் சொல்லப் பழகட்டும். அப்படிச் சொல்லும்போது நீங்கள் காதுகொடுத்துக் கேளுங்கள். நெடுங்காலம் சேர்ந்து வாழும் தம்பதிகளிடம் இத்தகைய சிறு சமரச முயற்சிகள் மறுக்கப்படாமல் ஏற்கப்படுவதைத்தான் உளவியலாளர் ஜான் காட்மன் தம் ஆய்வுகளில் வலியுறுத்துகிறார். மாமியாரிடம் பேச வேண்டியவரும் உங்கள் கணவரே. "அம்மா, இது எங்கள் விஷயம்" என்ற ஒரு வாக்கியத்தை அன்று அவர் சிரிக்காமல் சொல்லியிருக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். காவல் நீங்காமல், உங்கள் சம்பளம், நண்பர்கள், போக்குவரத்து என்று விரிந்தால் அதைப் பொறாமை என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த மாதர் சாசனத் திருத்தம், மனரீதியான துன்புறுத்தலும் குடும்ப வன்முறையே என்று தெளிவாக வரையறுக்கிறது. குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண்ணான 1800 777 0000 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உங்கள் வீட்டு நிலைமை அந்த அளவுக்குப் போனதாகக் கடிதத்தில் அறிகுறி இல்லை. இருவரும் சேர்ந்து ஆலோசனைக்கு வர அவர் தயங்கினால், வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்துக்கோ, சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கோ முதலில் நீங்கள் மட்டும் செல்லுங்கள். அவருடைய ஷிப்ட் அட்டவணையையும் கையோடு கொண்டுபோனால், அவரும் வரக்கூடிய ஒரு நேரத்தை அடுத்த சந்திப்புக்குக் கேட்டு வாங்கலாம்.