வாசலில் பதித்த பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனி தன் பழைய குற்றங்களைத் தலைநகரின் நடுவிலேயே நினைவுச் சின்னமாக வைத்திருப்பதைப் பாராட்டியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரத்தக்கறை இல்லாத நாடு எது? அதையே கிளறிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு நாட்டின் மேல் எப்படிப் பற்று வரும்? செய்தவர்கள் செத்துப்போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகள் ஏன் தலைகுனிய வேண்டும்? ஆறிய புண்ணைக் கீறுவது எதற்கு?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமுக்காக, 1990இல் பிறந்த ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அதில் உங்கள் பக்கம்தான் நானும். ஆனால் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. இந்த இரண்டையும் நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

1970 டிசம்பர் 7 அன்று மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட், போலந்தின் தலைநகர் வார்சாவில், நாஜிகளை எதிர்த்து யூதர்கள் நடத்திய எழுச்சியின் நினைவுச் சின்னத்துக்குப் போனார். மலர்வளையம் வைத்தார், அதன் நாடாவைச் சரிசெய்தார், இரண்டடி பின்னால் வந்தார். அப்புறம் யாரும் எதிர்பாராமல் அந்த ஈரத்தரையில் மண்டியிட்டார். பிராண்ட் யார்? ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933லேயே நாட்டைவிட்டுத் தப்பி நார்வேக்குப் போனவர். நாஜி அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. அந்தக் கூட்டத்தில் மண்டியிட வேண்டிய கடைசி ஆள் அவர். இருந்தும் மண்டியிட்டார், ஏனென்றால் அந்த நாட்டின் பெயரால் பேச வந்திருந்தார். அந்த நாட்டின் பெயரால்தான் அந்தக் கொலைகளும் நடந்தன. 'டெர் ஷ்பீகல்' இதழ் அப்போது எடுத்த கருத்துக்கணிப்பில் 48 சதவீதம் பேர் இது அதிகப்படி என்றார்கள். சரி என்றவர்கள் 41 சதவீதம். உங்கள் கேள்வியை அன்றைக்கு ஜெர்மானியர்களே கேட்டிருக்கிறார்கள்.

பேத்தோவன் எங்கள் ஆள் என்று ஒரு ஜெர்மானியர் நெஞ்சு நிமிர்த்திச் சொன்னால், அதில் ஒரு ஸ்வரமாவது நீ எழுதினாயா என்று நாம் கேட்பதில்லை. பிறப்பதற்கு முந்தைய பெருமைக்கு உரிமை உண்டு என்றால், முந்தைய கடனுக்கும் உண்டுதானே? அப்பன் சொத்தில் பங்கு கேட்டுவிட்டு, கடன்காரன் வரும்போது அது அவர் காலத்து விஷயம் என்று சொன்னால் ஊர் ஒத்துக்கொள்ளுமா?

சரி, ஆறிய புண்ணுக்கு வருகிறேன். அது ஆறியது என்று யார் சொல்வது? ஸ்பெயின் நீங்கள் சொல்லும் வழியில்தான் போனது. சர்வாதிகாரி ஃபிராங்கோ 1975இல் இறந்தார், 1977இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது, பழையதைப் பேச வேண்டாம் என்று கட்சிகள் கூடி முடிவெடுத்தன. அச்சத்தால் எடுத்த முடிவுதான். அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 2000இல் பிரியரான்ஸா டெல் பியெர்ஸோ என்ற சிற்றூரில், 1936இல் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோ தரப்பு சுட்டுக் கொன்று சாலையோரம் புதைத்த 13 பேரின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். அந்தத் தேடலைத் தொடங்கியவர், கொல்லப்பட்ட ஒருவரின் பேரன். மகன்கள் வாயைத் திறக்கவில்லை, பேரன்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு அறுபது வருடத்தில் எதுவும் ஆறவில்லை.

ஜெர்மனி ஏதோ தானாகவே மனம் திருந்தியது என்றும் நான் சொல்லவில்லை. ஐம்பதுகளில் அங்கேயும் வாய்மூடல்தான். ஃப்ரிட்ஸ் பாவர் என்ற யூத வழக்கறிஞர் நாடுகடந்து வாழ்ந்துவிட்டுத் திரும்பி வந்தார், ஹெஸ்ஸே மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் ஆனார். சொந்த நீதித்துறையின் இழுத்தடிப்போடு மல்லுக்கட்டித்தான் ஆஷ்விட்ஸ் முகாமில் வேலை பார்த்தவர்கள் மீதான வழக்கை 1963இல் ஃபிராங்பர்ட் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். அன்று தன் காலனியாக இருந்த நமீபியாவில் 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்று குவித்ததை இனப்படுகொலை என்று ஜெர்மனி ஒத்துக்கொண்டது 2021இல்தான். அதிலும் எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றிப் பேசினார்கள் என்று அந்த மக்களின் வழித்தோன்றல்கள் பலர் குமுறுகிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. கணக்கு இன்னும் முடியவில்லை.

பிள்ளைகளுக்குப் பற்று எப்படி வரும் என்று கேட்டீர்கள். கடிதத்தில் என்னை அதிக நேரம் பிடித்துவைத்த கேள்வி இதுதான்.

ஜெர்மன் நகரங்களின் நடைபாதைகளில், வீட்டு வாசல்களுக்கு முன்னால், பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் சின்னச் சின்ன பித்தளைத் தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். 'கால் தடுக்கும் கல்' என்று பெயர். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொண்ணூறுகளில் தொடங்கியது. இன்று ஐரோப்பா முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் முதல் வரி 'இங்கே வாழ்ந்தார்' என்பது. அடுத்து நாஜிகளுக்குப் பலியானவரின் பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன ஆண்டு, கொன்ற இடம். எழுத்து பொடி. குனிந்தால்தான் படிக்க முடியும். இறந்தவர்களின் பெயரை மிதிக்க வைப்பதா என்று யூதர்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். மியூனிக் நகராட்சி தன் நடைபாதைகளில் இந்தக் கல்லை அனுமதிப்பதில்லை.

பித்தளை மழையில் கறுத்துவிடும். 1938இல் நாஜிகள் யூதர்களின் கடைகளையும் வழிபாட்டிடங்களையும் தாக்கிய நாளான நவம்பர் 9 வந்தால் அக்கம்பக்கத்தார் துணியும் பாலிஷும் எடுத்துவந்து முழங்கால் போட்டுத் தேய்க்கிறார்கள். பல இடங்களில் அதைச் செய்வது பள்ளிப் பிள்ளைகள். சில பள்ளிகளில் அந்தப் பெயருக்குரியவர் யார், என்ன வேலை பார்த்தார், எந்த மாடியில் குடியிருந்தார் என்று பழைய பதிவேடுகளில் தேடி எடுத்து, கல் பதிக்கும் நாளில் தெருவில் நின்று வாசித்ததும் அவர்கள்தான். கொலையுண்ட ஒரு பாட்டியைத் தங்கள் தெருக்காரர் என்று சொல்லிக்கொள்கிறார்கள், நண்பரே. அந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஊர்மேல் பற்று இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அன்புடன்.