லினக்ஸில் சிபியுஃப்ரீக் (ப்ராசசரின் வேகத்தை மாற்றும் கர்னல் பகுதி) டிரைவர் எழுதும்போது மின்னழுத்தம், அதிர்வெண் இரண்டையும் எந்த வரிசையில் மாற்ற வேண்டும்? போர்டு அவ்வப்போது உறைந்துபோவது ஏன்?

கேள்வியில் உள்ள விவரம்: நான்கு கோர் கொண்ட ஆர்ம் எஸ்ஓசி (ப்ராசசரும் துணைப் பாகங்களும் ஒரே சிப்பில்). அதிர்வெண்ணை மாற்றும் கிளாக் டிரைவரும் மின்னழுத்தத்தை மாற்றும் ரெகுலேட்டர் டிரைவரும் தனித்தனியாகச் சோதித்தால் ஒழுங்காக வேலை செய்கின்றன. இரண்டையும் இணைத்து சிபியுஃப்ரீக் டிரைவர் எழுதிய பிறகு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை போர்டு உறைந்துவிடுகிறது. கர்னலின் செய்திப் பதிவில் எந்தத் தடயமும் இல்லை.

இந்த வகை டிரைவரில் காப்பாற்ற வேண்டிய விதி ஒன்றுதான். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அதிர்வெண்ணுக்குத் தேவையான மின்னழுத்தத்துக்குக் கீழே ஒரு மைக்ரோசெகண்டுகூட இறங்கக்கூடாது. தடயமில்லாமல் உறைவது பெரும்பாலும் இந்த விதி எங்கோ ஓர் இடுக்கில் மீறப்படுவதால்தான். அந்த இடுக்குகளைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த டிரைவரில் கடினமான வேலை. மற்றதெல்லாம் சில நூறு வரிகளில் முடிந்துவிடும்.

முதலில் ஒரு சோதனை. ஓபிபி அட்டவணையில் (எந்த அதிர்வெண்ணுக்கு எந்த மின்னழுத்தம் என்ற பட்டியல்) எல்லா அதிர்வெண்களுக்கும் உச்ச அதிர்வெண்ணின் மின்னழுத்தத்தையே கொடுத்து ஓட விடுங்கள். உறைவது நின்றுவிட்டால் கோளாறு மின்னழுத்தப் பக்கம். அப்போதும் உறைந்தால் பிஎல்எல் (அதிர்வெண்ணைப் பெருக்கும் சுற்று), மக்ஸ் (எந்த கிளாக் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்), டிவைடர் (வகுக்கும் சுற்று) என்று கிளாக் பாதையில் தேடுங்கள். இதைச் செய்யாமல் டிரைவரின் நிரலைப் படித்துக்கொண்டே போனால் நாள்கணக்கில் வீணாகும்.

அடிப்படை வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதிர்வெண்ணை ஏற்றும்போது முதலில் மின்னழுத்தம், அது நிலைபெற்ற பிறகு கிளாக். இறக்கும்போது முதலில் கிளாக், பிறகு மின்னழுத்தம். "நிலைபெற்ற பிறகு" என்ற இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரெகுலேட்டருக்கு எழுதிய கட்டளை வெற்றி என்று திரும்பினால், ரெஜிஸ்டரில் எழுதியாயிற்று என்று மட்டுமே பொருள். மின்னழுத்தம் ஒரு சரிவில்தான் ஏறுகிறது. 0.9 வோல்ட்டிலிருந்து 1.1 வோல்ட்டுக்குப் போக வேண்டும், பிஎம்ஐசியின் (ரெகுலேட்டர்கள் இருக்கும் மின்வழங்கல் சிப்) ஏற்ற வேகம் மைக்ரோசெகண்டுக்கு 12.5 மில்லிவோல்ட் என்றால் 16 மைக்ரோசெகண்ட் ஆகும். போர்டின் வன்பொருளை கர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் ரெகுலேட்டர் ரேம்ப் டிலே பண்பைக் கொடுத்தால் ரெகுலேட்டர் கட்டமைப்பே அந்த நேரம் காத்திருக்கும். அதைக் கொடுக்காமல், பிஎம்ஐசி டிரைவரும் அந்த மதிப்பைத் தானாகத் தராவிட்டால், காத்திருப்பு பூஜ்யம். மின்னழுத்தம் பாதி வழியில் இருக்கும்போதே கிளாக் ஏறிவிடும். தனித்தனிச் சோதனையில் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது. இந்தப் பண்பின் அலகு மைக்ரோசெகண்டுக்கு மைக்ரோவோல்ட் என்பதால் எழுத வேண்டிய எண் 12500. அங்கே 12 என்று எழுதினால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 16 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருக்கும். உறையாது, ஆனால் எல்லாமே மந்தமாகிவிடும்.

அலகுகள் இன்னொரு குழி. ஓபிபி அட்டவணையும் கிளாக் கட்டமைப்பும் ஹெர்ட்ஸில் பேசுகின்றன. சிபியுஃப்ரீக் அட்டவணை கிலோஹெர்ட்ஸில். மின்னழுத்தம் மைக்ரோவோல்ட்டில், மாற்றத் தாமதம் நானோசெகண்டில். ஆயிரத்தால் பெருக்க மறந்தால் கம்பைலர் எச்சரிக்காது.

அடுத்து வட்டமாக்கல். படிகம் 24 மெகாஹெர்ட்ஸ், பிஎல்எல் முழு எண் பெருக்கம் மட்டுமே செய்யும் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் 1000 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதினால் வன்பொருளால் தரக்கூடியது 984 அல்லது 1008. கிளாக் டிரைவர் மேல்நோக்கி வட்டமாக்கினால் 1000க்கான மின்னழுத்தத்தில் 1008 ஓடும். ஆகவே அட்டவணையில் பிஎல்எல்லால் உண்மையிலேயே தரமுடிந்த எண்களை மட்டும் போடுங்கள். 1008, 1200 இரண்டும் 24இன் முழு மடங்குகள். மின்னழுத்தத்திலும் இதே சிக்கல் உண்டு. பிஎம்ஐசியின் படி 12.5 மில்லிவோல்ட்டாக இருக்கும்போது, குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டுக்கும் 1010000 என்று கேட்டால் பொருந்தும் படியே கிடையாது. செல்லாத மதிப்பு என்ற பிழை திரும்பும். இலக்கு, குறைந்தபட்சம், அதிகபட்சம் என மூன்று எண்களாகக் கொடுத்து, அதிகபட்சத்துக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்.

இனி நான் மிகவும் சந்தேகப்படும் இடத்துக்கு வருகிறேன். பிஎல்எல்லின் பெருக்கத்தை மாற்றும்போது அது மறுபடி லாக் ஆகும்வரை, அதாவது புதிய அதிர்வெண்ணில் நிலைபெறும்வரை, வெளியீட்டை நம்ப முடியாது. அதனால் ப்ராசசரை வேறொரு நிலையான கிளாக்குக்கு மாற்றி, பிஎல்எல் லாக் ஆனதும் திரும்பக் கொண்டுவர வேண்டும். சிபியுஃப்ரீக்கில் இதற்கென்றே கெட் இன்டர்மீடியட், டார்கெட் இன்டர்மீடியட் என்று இரண்டு கால்பேக்குகள் (கட்டமைப்பு தேவைப்படும்போது அழைக்கும் செயல்கூறுகள்) இருக்கின்றன. அந்த இடைக்கால கிளாக் 600 மெகாஹெர்ட்ஸ் என்று கொள்வோம். 312இலிருந்து 408க்கு ஏறுகிறீர்கள். நல்ல பிள்ளையாக 408க்கான மின்னழுத்தத்தை முதலிலேயே ஏற்றிவிட்டீர்கள். ஆனால் நடுவில் சில பத்து மைக்ரோசெகண்டுகள் ப்ராசசர் ஓடுவது 600இல்! தொடக்கப் புள்ளியின் மின்னழுத்தமும் போதாது, முடிவுப் புள்ளியின் மின்னழுத்தமும் போதாது. பெரும்பாலான முறை சிப்பின் தாராளத்தில் தப்பிக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தப்பிக்காது. நீங்கள் சொல்லும் அறிகுறி இதற்கு அப்படியே பொருந்துகிறது.

தீர்வு இரண்டு. இடைக்கால கிளாக்கின் டிவைடரை 2 ஆக்கி 300இல் ஓட்டலாம். இல்லையென்றால் தொடக்கம், இடைக்காலம், முடிவு மூன்றில் எதற்கு அதிக மின்னழுத்தம் தேவையோ அதை முதலில் வைத்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் இறக்கலாம். முதல் வழியே எனக்குப் பிடித்தது, அதில் ரெகுலேட்டரைக் கூடுதலாகத் தொட வேண்டியதில்லை. அதைச் செய்தால் டிவைடரை எழுதிய பிறகுதான் மக்ஸைத் திருப்ப வேண்டும். வரிசை மாறினால் ஒரு கணம் முழு 600 பாயும். திரும்பி வரும்போது இதற்கு நேர்மாறு: மக்ஸ் முதலில், டிவைடரை விடுவிப்பது பிறகு.

கோருக்கு ஒன்று, உள் எஸ்ரேமுக்கு (சிப்புக்குள் இருக்கும் நினைவகம்) ஒன்று என்று இரண்டு மின்தடங்கள் உள்ள சிப்களில் இவை இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு ஒரு வரம்பு இருக்கும். மீடியாடெக் டிரைவரில் பல சிப்களுக்கு இது 100 முதல் 200 மில்லிவோல்ட். அங்கே ஒரே தாவலில் போக முடியாது. எஸ்ரேம் ஒரு படி, கோர் ஒரு படி என்று மாறிமாறி ஏற வேண்டும்.

பிழை வந்தால் என்ன செய்வது என்பதையும் இதே விதியைக் கொண்டே முடிவு செய்யுங்கள். மின்னழுத்தம் ஏறிவிட்டது, கிளாக் மாறவில்லை என்றால் மின்னழுத்தம் மேலே கிடந்தாலும் ஆபத்தில்லை. கொஞ்சம் மின்சாரம்தான் வீண். கிளாக் இறங்கிவிட்டது, மின்னழுத்தத்தை இறக்கும் கட்டளை தோற்றது என்றாலும் அப்படித்தான்: எச்சரிக்கை அச்சிட்டுவிட்டு வெற்றி என்றே திரும்பலாம். மின்னழுத்தத்தை ஏற்றும் கட்டளை தோற்றால் மட்டும் கிளாக்கைத் தொடவே கூடாது, உடனே பிழையோடு திரும்ப வேண்டும். திரும்பும் மதிப்பைச் சோதிக்காமல் அடுத்த வரிக்குப் போகும் டிரைவர், பிஎம்ஐசிக்குக் கட்டளை போகும் ஐ-டூ-சி பஸ்ஸில் ஒரே ஒரு தடங்கல் வந்தால் போதும், விழுந்துவிடும்.

டிரைவரின் எலும்புக்கூடு சிறியது. இனிட் கால்பேக்கில் கிளாக், ரெகுலேட்டர் இரண்டையும் பெற்று, அட்டவணையைப் பாலிசியில் (சேர்ந்து வேகம் மாறும் கோர்களுக்கான பதிவு) பொருத்தி, மாற்றத் தாமதத்தைச் சொல்லி, எந்தெந்த கோர்கள் ஒரே கிளாக்கைப் பகிர்கின்றன என்ற மாஸ்கை நிரப்ப வேண்டும். டார்கெட் இன்டெக்ஸ் கால்பேக் மேலே சொன்ன வரிசையைச் செய்யும். கெட் கால்பேக் வன்பொருளிலிருந்து இப்போதைய அதிர்வெண்ணைப் படிக்க வேண்டும். கடைசியாகக் கேட்ட எண்ணைச் சேமித்துவைத்துத் திருப்பித் தருவது ஏமாற்று வேலை, பிழைகளை மறைத்துவிடும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அனுப்ப வேண்டிய அறிவிப்புகளைக் கட்டமைப்பே அனுப்பும். பூட்லோடர் அட்டவணையில் இல்லாத ஓர் அதிர்வெண்ணில் விட்டுச் சென்றிருக்கக்கூடும் என்பதால் தொடக்க அதிர்வெண் சரிபார்ப்புக் கொடியையும் போட்டுவிடுங்கள். ரெகுலேட்டர் இன்னும் ஏற்றப்படாமல் இருந்தால் 'பிறகு முயல்க' என்ற ப்ரோப் டிஃபர் பிழையை அப்படியே மேலே அனுப்புங்கள். அதை விழுங்கிவிட்டு ரெகுலேட்டரே இல்லாததுபோல் தொடர்ந்தால் கிளாக் மட்டும் ஏறும், மின்னழுத்தம் பூட்லோடர் வைத்த இடத்திலேயே கிடக்கும்.

நான்கு கோர்களும் ஒரே பிஎல்எல்லில் இருந்தால் ஓபிபி அட்டவணையில் ஓபிபி ஷேர்டு பண்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கோருக்கு ஒரு பாலிசி உருவாகி, நான்கும் ஒரே கிளாக்கை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஒரு பாலிசி 1200க்கு ஏற்றியதை இன்னொன்று 408க்கு இறக்கும். முதல் பாலிசிக்கு அது தெரியவே தெரியாது.

மாற்றத் தாமதத்துக்கு ஊகமாக ஓர் எண்ணைப் போடாதீர்கள். கணக்குப் போடுவது எளிது. 400 கிலோஹெர்ட்ஸ் ஐ-டூ-சியில் ஒரு ரெஜிஸ்டரை எழுத மூன்று பைட், ஒப்புகை பிட்டுகளோடு 27 பிட், தொடக்கமும் முடிவும் சேர்த்தால் ஏறக்குறைய 72 மைக்ரோசெகண்ட். அதோடு 16 மைக்ரோசெகண்ட் ஏற்றம், தரவேட்டில் உள்ள பிஎல்எல் லாக் நேரம். ஏற்றத்தைவிட பஸ்ஸே அதிக நேரம் எடுக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஐ-டூ-சி பரிமாற்றம் தூங்கக்கூடியது என்பதால் ஃபாஸ்ட் ஸ்விட்ச் (தூங்காமல் உடனே வேகம் மாற்றும்) வசதியை இயக்கவே கூடாது. அது ஷெட்யூலருக்குள்ளிருந்து அழைக்கப்படுவது, அங்கே தூங்கினால் கர்னல் அலறும். ஒரே ரெஜிஸ்டர் எழுத்தில் வேலை முடியும் வன்பொருளுக்கு மட்டுமே அது ஏற்றது.

சஸ்பெண்டும் ரீபூட்டும் பலரும் கடைசியில் நினைக்கும் இடங்கள். சஸ்பெண்டின்போது ஐ-டூ-சி கன்ட்ரோலர் தூங்கிய பிறகு யாராவது அதிர்வெண்ணை மாற்றக் கேட்டால் மின்னழுத்தம் மாறாது. சஸ்பெண்டுக்கென ஓர் அதிர்வெண்ணைக் குறித்துவைத்து, கர்னலில் இருக்கும் பொதுவான சஸ்பெண்ட் செயல்கூற்றைப் பயன்படுத்துங்கள். ரீபூட்டில் வருவது வேறு சிக்கல். எஸ்ஓசி மட்டும் ரீசெட் ஆகி பிஎம்ஐசி ரீசெட் ஆகாத போர்டுகள் உண்டு. குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும்போது ரீபூட் செய்தால், பூட் ரோம் தன் வழக்கமான அதிர்வெண்ணை வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். ரீபூட்டுக்கு முன் பாதுகாப்பான ஒரு புள்ளிக்கு ஏற்றிவிட்டு, அதன்பின் எந்த மாற்றத்தையும் ஏற்காமல் இருப்பதே வழி.

எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி ப்ராசசர்கள்) பக்கம் கதை வேறு. மின்னழுத்தத்தை ப்ராசசரே பார்த்துக்கொள்ளும். இன்டெலில் ஹெக்ஸ் 199 எம்எஸ்ஆரில் (ப்ராசசருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்) 8 முதல் 15 வரையிலான பிட்டுகளில் பெருக்க எண்ணை எழுதினால் போதும். அண்மைக்காலச் சிப்களில் அதை 100 மெகாஹெர்ட்ஸால் பெருக்கினால் கேட்ட அதிர்வெண் கிடைக்கும். எழுதுவது அந்தந்த கோரிலேயே நடக்க வேண்டும். எச்டபிள்யூபி (வேகத்தை வன்பொருளே தேர்ந்தெடுக்கும் முறை) இயக்கப்பட்டிருந்தால் இந்த எம்எஸ்ஆருக்கு மதிப்பில்லை, ஹெக்ஸ் 774இல்தான் கேட்க வேண்டும். உண்மையில் எந்த வேகத்தில் ஓடியது என்று அறிய ஏபெர்ஃப், எம்பெர்ஃப் என்ற இரு எண்ணிகளின் வித்தியாசங்களை வகுத்து அடிப்படை அதிர்வெண்ணால் பெருக்குங்கள்.

சோதனைக்கு யூசர்ஸ்பேஸ் கவர்னரை (அதிர்வெண்ணை நாமே கையால் குறிக்க விடும் முறை) போட்டு, நான்கு கோர்களிலும் பளு ஓடும்போதே தோராயமாகப் புள்ளி மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றை இரவு முழுக்க ஓட விடுங்கள். ஸ்டாட்ஸ் கோப்பகத்தில் உள்ள டிரான்ஸ் டேபிளில் (எந்த அதிர்வெண்ணிலிருந்து எதற்கு எத்தனை முறை மாறியது என்ற அட்டவணை) மூலைவிட்டம் தவிர எந்தக் கட்டமும் பூஜ்யமாக இருக்கக்கூடாது. 312இலிருந்து 408க்கு என்பது போன்ற அரிதான தாவல்கள் அங்கேதான் தெரியும். பளுவாக, ஒரு பெரிய கோப்பைச் சுருக்கி, விரித்து, ஹாஷை ஒப்பிடும் வேலை நல்லது, ஒரு பிட் புரண்டாலும் காட்டிக்கொடுக்கும். குறை மின்னழுத்தம் எப்போதும் உறைதலாக வெளிப்படுவதில்லை. ஒருமுறை செக்ஃபால்ட் (நிரல் ஒன்று நினைவகப் பிழையில் நின்றுபோவது), இன்னொருமுறை சம்பந்தமே இல்லாத இடத்தில் ஊப்ஸ் (கர்னலுக்குள் பிழை) என்று இடம் மாறி மாறி வந்தால் மென்பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் அலைக்காட்டியை எடுங்கள். அதன் முனையை ப்ராசசருக்கு மிக அருகில் உள்ள மின்தேக்கியில் வையுங்கள், ரெகுலேட்டரின் வாயில் அளந்தால் வழியில் ஏற்படும் இறக்கம் தெரியாது. குளிரிலும் சோதிக்க வேண்டும். குறைந்த மின்னழுத்தத்தில் டிரான்சிஸ்டர்கள் குளிரும்போது மெதுவாகின்றன. சூட்டில் தேறியது குளிரில் தேறும் என்று சொல்ல முடியாது.

அளக்க வசதியாக இருக்கிறதே என்று மின்னழுத்தத்தை மாற்றும் சிஸ்எஃப்எஸ் கோப்பு (கர்னல் அமைப்பை வெளியிலிருந்து மாற்ற விடும் கோப்பு) ஒன்றைத் திறந்துவைத்தால், டிரைவரைக் கொடுக்கும் முன் அதை நீக்கிவிடுங்கள். 2017இல் வெளிவந்த கிளாக்ஸ்க்ரூ, 2019இல் வெளிவந்த பிளண்டர்வோல்ட் ஆகிய இரண்டு தாக்குதல்களும் இந்த விதியை வேண்டுமென்றே மீறித்தான், பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருந்த ரகசியச் சாவிகளை எடுத்துக் காட்டின.