பூட்டானில் ஒரு 'ங்க'

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் மனைவியுடன் பூட்டான் போகிறேன். வீடியோ பார்த்து ஜோங்கா மொழியில் முப்பது வாக்கியம் போல மனப்பாடம் செய்துவிட்டேன். போய்வந்த நண்பரோ, "அங்கே ஆங்கிலமும் இந்தியுமே ஓடும், வீண் வேலை" என்கிறார். மரியாதைக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

குமரவேல், ஈரோடு

அன்புள்ள குமரவேல்,

நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி. அங்கே பள்ளிப் பாடமே ஆங்கிலத்தில்தான். முப்பதில் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள்: வணக்கத்துக்கு 'குஸுஸங்போ லா', நன்றிக்கு 'காடின்ச்சே லா'.

இரண்டிலும் முக்கியம் அந்த 'லா'. ஈரோட்டுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். 'சரிங்க', 'இல்லைங்க' என்று வாலில் ஒட்டுகிறோமே, அதே வேலைதான். ஆங்கிலம் பேசும்போதும் அவர்கள் அதை விடுவதில்லை: 'யெஸ் லா', 'ஓகே லா'. நீங்களும் ஆங்கிலத்திலேயே பேசி லா மட்டும் சேருங்கள். பாதி மரியாதை அதிலேயே வந்துவிடும்.

மீதிப் பாதி கொஞ்சம் சிக்கல். நாம் 'வா'வை 'வாருங்கள்' ஆக்குகிறோம். அவர்கள் பல இடங்களில் சொல்லையே மாற்றிவிடுவார்கள். தண்ணீர் 'சூ', பெரியவருக்குக் கொடுக்கும்போது அதுவே 'சப்'. பெயர் 'மெங்', மதிப்புக்குரியவரின் பெயர் 'ட்ஸென்'. உங்கள் பெயரைச் சொல்லும்போது மெங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தனக்குத் தானே மாலை போட்டுக்கொண்டால் எந்த ஊரிலும் சிரிப்பார்கள்.

சாப்பாடு நீட்டினால் வாயைக் கையால் மறைத்து 'மேஷு மேஷு' என்று மறுப்பதும், இரண்டு மூன்று முறை வற்புறுத்திய பிறகு வாங்கிக்கொள்வதும் பழைய வழக்கம். வெளியூர்க்காரர் உடனே வாங்கினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மிளகாயையே காய்கறியாகப் போட்டுச் சமைக்கும் ஏமா தட்ஷி வரும்போது அந்த மறுப்பு நிஜமாகவே உதவலாம்.

இன்னொன்று. ஜோங்கா 1971இல் தேசிய மொழியானது. ஆனால் தாய்மொழியாகப் பேசுவோர் திம்பு, பாரோ, புனாக்கா போன்ற மேற்குப் பகுதியினர்தான். கிழக்கே டிராஷிகாங் பக்கம் ட்ஷங்லா, தெற்கே நேபாளி. எல்லையில் புன்ட்ஷோலிங் கடைக்காரர் வீட்டில் நேபாளி பேசுபவராக இருக்கலாம். எந்த ஊர் என்று கேளுங்கள், அந்த ஊர்ப் பேச்சில் ஒரு சொல் சொல்லித்தரச் சொல்லுங்கள். மனப்பாடத்தைவிட அது நன்றாக வேலை செய்யும்.

நான் மேலே எழுதியிருப்பதை அப்படியே எழுத்துக்கூட்டிப் படித்துவிடாதீர்கள். மூச்சை அழுத்தி விடும் ஒலிகளும் குரலின் ஏற்ற இறக்கமும் நம் எழுத்தில் அகப்படாது. ஓட்டுநரிடம் முதல் நாளே கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.