ஜெமினி வைரஸின் இரண்டு பாதிகளிலும் தனித்தனி டிஎன்ஏ இருக்கிறதா?

இல்லை. ஆனாலும் சந்தேகம் நியாயமானது. செடிகளைத் தாக்கும் ஜெமினி வைரஸ்கள் பலவற்றுக்கு டிஎன்ஏ-ஏ, டிஎன்ஏ-பி என இரண்டு வளையங்கள் உண்டு. டிஎன்ஏவைப் பொதிந்து வைக்கும் புரதக் கூடும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல இருக்கிறது. அப்போ பாதிக்கு ஒன்று என்றுதானே தோன்றும்? உண்மையில் முழு இரட்டைத் துகளுக்கும் சேர்த்தே ஒரே ஒரு ஒற்றை இழை வளையம்தான்.

காரணம் இடநெருக்கடி. மிகச் சிறிய இருபது முகக் கூட்டைக் கட்ட 60 உறைப்புரதங்கள் போதும். ஆனால் சுமார் 2,700 காரங்கள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) கொண்ட வளையம் அதற்குள் அடங்காது. அதனால் இரண்டு கூடுகள் தலா ஐந்து புரதங்கள் குறைந்து, அந்தத் திறந்த பக்கத்தில் ஒன்றோடொன்று இணைகின்றன. 55ம் 55ம் சேர்ந்து 110. நீளம் ஏறக்குறைய 38 நானோமீட்டர், அகலம் 22. பாதியாகக் குறுகிய டிஎன்ஏ ஒற்றைக் கூட்டிலேயே அடைபட்டுக் கிடப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏ ஒரு துகளில், பி வேறொரு துகளில் பயணிக்கிறது. பெருகுவதற்கான ரெப் புரதமும் உறைப்புரதமும் ஏ-யில். செல்லிலிருந்து செல்லுக்கு நகர்த்தும் புரதங்கள் பி-யில். பி தனியாக வந்தால் பெருகவே முடியாது. ஏ தனியாக வந்தால் செல்லுக்குள் பெருகும், ஆனால் பெரும்பாலும் செடி முழுக்கப் பரவாது. வைரஸைச் செடிக்குச் செடி பரப்பும் வெள்ளை ஈ ஒரே நேரத்தில் நிறையத் துகள்களைச் செலுத்துவதால் பிழைப்பு ஓடுகிறது.

சரி, ஏ-யில் உருவாகும் ரெப் புரதம் பி-யை எப்படி அடையாளம் காண்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இரண்டு வளையங்களிலும் சுமார் 200 காரங்கள் நீளமுள்ள ஒரு பகுதி கிட்டத்தட்ட அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ரெப் வந்து பிடித்துக்கொள்ளும் இடமும் அதில்தான். பக்கத்திலேயே கொண்டை ஊசி போல மடியும் ஒரு துண்டு. அதன் உச்சியில் டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ-சி என்ற ஒன்பது எழுத்துகள். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே ரெப் வெட்டுகிறது, அங்கிருந்து புது இழை வளரத் தொடங்குகிறது. நகலெடுக்கும் நொதி வைரஸிடம் கிடையாது. அதனால் பிரிவதை நிறுத்திவிட்ட செல்லையும் ரெப் தூண்டிவிட்டு, செடியின் நொதிகளையே வேலை வாங்குகிறது.

இரண்டு வளையங்கள் கட்டாயம் என்றும் இல்லை. மக்காச்சோளக் கீற்று வைரஸ் ஒரே வளையத்தில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறது. மரபணுக்கள் இரு திசையிலும் படிக்கப்படுவதால் இவ்வளவு சின்ன இடமே அதற்குப் போதுமானதாக இருக்கிறது.