சலங்கை கட்டிய அட்டை

தபால் தாத்தா பதில்கள்

கேள்வி: தாத்தா, நான் சேலம் அம்மாபேட்டை. கல்லூரி முடிந்து என் தோழிகள் ஆறு பேரும் ஆறு ஊருக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் என் கையால் செய்த போஸ்ட் கார்டு அனுப்ப ஆசை. ஏற்காட்டில் எடுத்த படம், காய்ந்த இலை, மணி, லேஸ் எல்லாம் ஒட்டலாமா?

பதில்: அழகு அப்புறம், கண்ணு. முதலில் அட்டை போய்ச் சேர வேண்டும். சேலம் ஜங்ஷன் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில் தபால் ஆபீசில், 31 வருடம் தபாலை ஊர் வாரியாகப் பிரிக்கும் சார்ட்டராக நின்றவன் சொல்கிறேன். உன் தோழி பார்ப்பதற்கு முன் அந்த அட்டை நான்கைந்து பேர் கையில் விழும். முத்திரை குத்துபவர் மடேரென்று ஒன்று வைப்பார். அடுத்தவர் புறாக்கூண்டு மாதிரி இருக்கும் அலமாரியில் ஊர் பார்த்து வீசுவார். அப்புறம் கட்டு, கட்டுக்கு நூல், நூலுக்கு மேல் பை. அந்தப் பை வண்டியிலிருந்து எப்படி இறங்கும் என்பதை நான் சொல்லாமல் விடுவதுதான் நல்லது.

ஒரு தீபாவளி நேரம். கட்டைப் பிரித்தால் கையால் செய்த அட்டை ஒன்று. மூலையில் துளை போட்டு, சிவப்பு நூலில் கொலுசுச் சலங்கை ஒன்றைக் கோத்திருந்தார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளையாக இருக்கும், வெள்ளி வேலை நடக்கிற வீடு போல. அந்தச் சலங்கை அழுந்தி மேலே இருந்த மூன்று அட்டைகளில் பள்ளம் விழுந்திருந்தது. நூல் பாதி அறுந்துவிட்டது. முடிச்சுப் போடலாமென்று எடுத்தேன், சலங்கை கழன்று மேஜைக்கு அடியில் உருண்டது. குனிந்து தேடி எடுப்பதற்குள் அட்டை வேறு கட்டோடு வண்டி ஏறிவிட்டது. எந்த ஊருக்குப் போனதென்றுகூட நான் பார்க்கவில்லை.

அதனால் மணி, லேஸ், சமிக்கி எதுவும் வேண்டாம். தடவிப் பார்த்தால் கையில் எதுவும் தட்டக் கூடாது.

அளவு, தபால் ஆபீஸ் அட்டையின் அளவே இருக்கட்டும்: 14 சென்டிமீட்டருக்கு 9. கடையில் 300 ஜி.எஸ்.எம். ஐவரி அட்டை கேள். அதில் வெட்டினால் ஓர் அட்டை நாலு கிராம்கூட வராது, ஆனால் விறைப்பாக நிற்கும். காசு செலவழிக்க மனமில்லையா? வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை எடு. பின்பக்கம் வெறுமையாக இருக்கும் கெட்டிப் பத்திரிகை கிடைத்தால், அச்சான பக்கத்தின் மேல் உன் படத்தை ஒட்டிவிடலாம்.

பசைக்கு மரவள்ளி மாவு. சேலத்தில் இருந்துகொண்டு பசைக்கு வேறெங்கே போவது! ஒரு ஸ்பூன் மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டு. வெள்ளை போய்க் கண்ணாடி போல ஆனதும் இறக்கிவிடு. ஆறியபின் மெல்லிசாகத் தடவி ஒட்டி, கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு வை. அவசரப்பட்டு எடுத்தால் அட்டை அப்பளம் மாதிரி வளையும்.

காய்ந்த இலையை ஒட்டாதே, நொறுங்கிவிடும். இலையின் அச்சை எடு. ஏற்காட்டில் காபிச் செடிக்கு நிழல் கொடுக்கிற சில்வர் ஓக் மரம் இருக்கிறதே, அதன் இலை கீழே உதிர்ந்து கிடக்கும். பெரணி மாதிரி பிரிந்து பிரிந்து, அடிப்பக்கம் வெள்ளி பூசியது போல இருக்கும். அந்த அடிப்பக்கத்தில் அக்ரிலிக் பெயின்டைத் தொட்டும் தொடாமலும் தடவி, அட்டையில் கவிழ்த்து, மேலே காகிதம் வைத்து விரலால் அழுத்து. முதல் அச்சு அப்பிக்கொள்ளும். இரண்டாவதில்தான் நரம்பெல்லாம் தெரியும். வாட்டர் கலர் வேண்டாம், மழையில் நனைந்தால் போச்சு. ஜெல் பேனாவும் அப்படித்தான். பால்பாயின்ட்டே போதும்.

பின்பக்கம் நடுவே ஒரு கோடு போட்டு, இடது பக்கம் சேதி, வலது பக்கம் முகவரி எழுது. முகவரிக்குள் பூ வரையாதே. பின்கோடு ஆறு இலக்கமும் தெளிவாக இருக்கட்டும். சேலத்துக்கு 636 மாதிரி முதல் மூன்று இலக்கம்தான் எங்கள் கண் தேடுவது. தபால்தலையைக் கஞ்சத்தனம் பார்க்காமல் கடிதத்துக்கு ஒட்டுவது போல 5 ரூபாய்க்கே ஒட்டிவிடு. குறைந்தால் குறைந்ததில் இரண்டு மடங்கை உன் தோழியிடம் கேட்பார்கள்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 58. மும்பையில் இருக்கும் பள்ளி நண்பனுக்கு அட்டை செய்து வைத்திருக்கிறேன். பேனாவை எடுத்தால் 'நலம், நலமறிய ஆவல்' தாண்டி வரமாட்டேன் என்கிறது. – அரிசிபாளையம் வாசகர்

பதில்: தம்பி, நலத்தைத்தான் போனிலேயே கேட்டிருப்பீர்களே. இன்றைக்கு நடந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள். 'தட்டுவடை செட் தின்றேன். பீட்ரூட் துருவல் சட்டையில் விழுந்து வீட்டில் திட்டு. நீ இருந்திருந்தால் உன்மேல் பழி போட்டிருப்பேன்.' இவ்வளவு போதும், அட்டை நிறைந்துவிடும். ஒரு விஷயம்: கடன், குடும்பச் சண்டை எல்லாம் அட்டையில் வேண்டாம். அடுத்தவர் அட்டையைப் படிக்கவே மாட்டோம் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை.

கேள்வி: வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? – ஆத்தூர் வாசகர்

பதில்: வேண்டாமென்றால் விடுங்கள். 1879-ல் நம் நாட்டில் காலணாவுக்கு வந்த அட்டை, 50 பைசாவுக்கு வந்து நிற்கிறது. உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

கேள்வி: மூன்றாம் வகுப்புப் பையனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அவனுக்கு ஆகாது. – சூரமங்கலம் அம்மா ஒருவர்

பதில்: தபால் ஆபீசில் அந்த 50 பைசா அட்டையையே நாலைந்து வாங்கிக் கொடுங்கள், தாயி. ஒரு பக்கம் முழுக்க வெறுமைதான். அதில் அவன் மாம்பழம் வரையட்டும், மறுபக்கம் இடது பாதியில் ஒரு வரி எழுதட்டும். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். முகவரியை மட்டும் நீங்கள் எழுதுங்கள்.

கேள்வி: தாத்தா, மறுபடியும் நான்தான், அம்மாபேட்டை. அந்தச் சலங்கை என்ன ஆயிற்று என்று நீங்கள் சொல்லவேயில்லை. (பதிலை அச்சுக்கு முன்பே காட்டினோம். – ஆசிரியர் குழு)

பதில்: ஆபீஸ் மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தேன், யாராவது கேட்டு எழுதுவார்கள் என்று. நான் ஓய்வு பெற்ற அன்றும் இழுப்பறையைத் திறந்தால் உள்ளே அது உருளும் சத்தம் கேட்டது.