ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எழுதியவர் ஷேக்ஸ்பியர்தான்

கையுறை தைப்பவரின் மகனாகப் பிறந்து, பல்கலைக்கழகப் படியே ஏறாத ஒருவரால் 'ஹாம்லெட்'டை எழுதியிருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுக் குழம்பியிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். முடியும், எழுதியவரும் அவரே.

நாடகங்களை எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டு பிரபு என்ற வாதத்தை 1920-இல் தாமஸ் லூனி நூலாக வெளியிட்டார். அந்தப் பிரபுவோ 1604-இல் இறந்துவிட்டார். ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகம் 1609-இல் பெர்முடா அருகே நேர்ந்த கப்பல் விபத்தின் செய்திகளை எடுத்தாள்கிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 1592-இல், அக்கால நாடக ஆசிரியர் ராபர்ட் கிரீன் பெயரில் வெளிவந்த சிறுநூல். நடிகன் ஒருவன் படித்தவர்களுக்குச் சமமாகக் கவிதை எழுதத் துணிந்துவிட்டானே என்று, ஷேக்ஸ்பியரைக் குறிவைத்து, அதில் அவர் வயிறெரிகிறார். வேறு யாரோ எழுதிக் கொடுக்கிறார்கள் என்று அந்தப் பகைவர்கூடச் சொல்லவில்லை.

இந்தக் கேள்வி என்னைச் சுடுவதற்குக் காரணம் உண்டு. என் தந்தை வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழிற்சாலையில், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோல்களை இழுத்துப் போடும் வேலை செய்தவர். கல்லூரியில் 'கிங் லியர்' பற்றி நான் எழுதிய கட்டுரையைப் பேராசிரியர் ஒருவர் உயர்த்திப் பிடித்து, "இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்று வகுப்பின் முன்னால் கேட்டார். பிழை எதையும் அவர் சுட்டவில்லை. நன்றாக இருந்ததே குற்றமாகிவிட்டது. பிறகு தம் அறைக்கு அழைத்து, ஒரு தாளைக் கொடுத்து, கார்டீலியா தந்தையிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லும் இடத்தைப் பற்றி எழுதச் சொன்னார். அவருடைய மேசை ஓரத்தில் நின்றபடியே இரு பக்கமும் நிரப்பிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "சரி, போ" என்றார். குறைத்த மதிப்பெண் குறைத்ததாகவே இருந்தது. வழிகாட்டி நூலை வரிக்கு வரி பார்த்தெழுதிய வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வி ஒருபோதும் கேட்கப்படவில்லை. அகமதிப்பீடு என்ற பெயரில் இன்றும் பல இடங்களில் இதுதான் நடக்கிறது.

சொந்த வருத்தத்தை வரலாற்றின் மீது ஏற்றுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். ஐயப்படுபவர் அனைவரும் பிறப்பைப் பார்ப்பவர்கள் என்று நான் கூறவில்லை. கூட்டாக எழுதப்பட்ட நாடகங்கள் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. 'தி டூ நோபிள் கின்ஸ்மென்' 1634-இல் அச்சேறியபோது ஷேக்ஸ்பியருடன் சேர்ந்து எழுதிய ஜான் ஃபிளெட்சரின் பெயரும் முகப்பிலேயே இருந்தது. ஆனால் அதே காலத்து நாடக ஆசிரியரான பென் ஜான்சனின் வளர்ப்புத் தந்தை கொத்தனார். ஜான்சனும் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவரல்லர். அவருடைய நாடகங்களுக்கு ஒரு பிரபுவைத் தேடி எவரும் அலையவில்லையே, ஏன்? ஷேக்ஸ்பியருடன் நேரில் பழகிய அந்த ஜான்சன்தான், 1623-இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பில் அவரைப் புகழ்ந்து நீண்ட கவிதை எழுதினார். அதில் அவரை ஆவன் ஆற்றின் அன்னம் என்று அழைக்கிறார்; கையுறைக்காரரின் வீடு இருந்த ஸ்ட்ராட்ஃபோர்டு அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது.